மூளைக்குள் ஒரு ஒத்திகை

சென்ற மாதம் கல்லூரி வாசலில் சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. "போயிடலாம்" என்று ஒரு காலை எடுத்து வைத்தவன், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். லாரி போன பிறகு யோசித்தபோதுதான் விசித்திரமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்குள் நான் சாலையில் இறங்கினேன், பாதியில் தயங்கினேன், லாரி என் மேல் ஏறியது. எல்லாம் மனதுக்குள்! நிஜத்தில் நான் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. செத்தது மனதுக்குள் இருந்த இன்னொரு 'நான்'. அவன் புண்ணியத்தில் நான் பிழைத்தேன் :-)

நாடகம் போடுபவர்கள் மேடை ஏறும் முன் ஒத்திகை பார்ப்பார்கள். தப்பு நடந்தால் ஒத்திகையிலேயே நடந்து முடியட்டும் என்பதுதான் நோக்கம். நம் மூளையும் இதையே செய்கிறது. நனவு (சிலர் பிரக்ஞை என்பார்கள்) என்பதே இப்படி ஒரு ஒத்திகைதான், உயிர் பிழைக்க உதவியதால்தான் அது நமக்கு வாய்த்தது என்று சொல்கிற ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, யார் யார் அதை வளர்த்தார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீராவி இன்ஜினின் விசில்

கதையை 1874-இல் தொடங்கலாம். டார்வினுக்காக மேடைகளில் வாதாடிப் பெயர் பெற்ற தாமஸ் ஹக்ஸ்லி, அந்த ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஓர் உரை நிகழ்த்தினார். விலங்குகள் தானியங்கி இயந்திரங்களா என்பது தலைப்பு. அதில் ஒரு தவளையைப் பற்றிச் சொல்கிறார். மூளையின் முன்பகுதியை நீக்கிவிட்ட தவளை. அதைக் கையில் வைத்து மெல்ல மெல்லக் கையைத் திருப்பினால், அது விழாமல் அடியெடுத்து வைத்து, கையின் மறுபக்கத்துக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். யோசிக்கிற மூளை இல்லாமலே இவ்வளவு சாமர்த்தியம் என்றால், யோசனை எதற்கு?

ஹக்ஸ்லியின் பதில் கொஞ்சம் அதிர்ச்சியானது. ரயில் இன்ஜின் ஓடும்போது விசில் அடிக்கிறது. ஆனால் விசில் இன்ஜினை ஓட்டுவதில்லை. நனவும் அப்படித்தான் என்றார். உடல் என்கிற இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது, கூடவே ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தைத்தான் 'நான் நினைக்கிறேன், நான் முடிவு செய்கிறேன்' என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வருகிறோம், அது வெறும் விசிலா? ஆனால் கோபம் வாதமாகாது இல்லையா? வாதத்தோடு வந்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ். 1879-இல் ஒரு கட்டுரையிலும், 1890-இல் வெளிவந்த தன் பெரிய உளவியல் நூலிலும் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஹக்ஸ்லியும் டார்வின் கட்சிதானே? உடம்பில் ஓர் உறுப்பு தலைமுறை தலைமுறையாக வளர்ந்து சிக்கலாகிக்கொண்டே போனால், அதனால் ஏதோ பயன் இருக்கிறது என்றுதானே டார்வின் கட்சியினர் சொல்வார்கள்? நனவுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

இன்னொன்றும் கேட்டார். நெருப்பு சுட்டால் வலிக்கிறது, பசிக்குச் சோறு கிடைத்தால் இன்பமாக இருக்கிறது. உடம்புக்குக் கெடுதலானது பெரும்பாலும் வலிக்கிறது, நல்லது பெரும்பாலும் இனிக்கிறது. உணர்வு எதையுமே மாற்றாத வெறும் விசில் என்றால், நெருப்பு சுடும்போது இன்பமாக இருந்தால்தான் என்ன? கை எப்படியும் தானாகப் பின்வாங்கிவிடுமே! உணர்வும் நன்மை தீமையும் இவ்வளவு சரியாகப் பொருந்துவதற்கு, உணர்வு ஏதோ வேலை செய்கிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

சரி, வேலை செய்கிறது. ஆனால் என்ன வேலை?

முச்சந்தியில் தயங்கிய எலி

பதில் வருவதற்குள் ஒரு தடை வந்தது. 1913-இல் ஜான் வாட்சன் என்பவர், உளவியலில் 'நனவு' என்ற பேச்சே கூடாது, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம் என்று அறிவித்தார். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அமெரிக்க ஆய்வகங்களில் இதுதான் சட்டம் போல இருந்தது. எலி சிக்கல்பாதையில் ஓடும், உணவு கிடைக்கும், பழக்கம் வலுப்படும். அவ்வளவுதான், உள்ளே வேறெதுவும் இல்லை என்றார்கள்.

அதே எலிகளை வைத்து இதைக் கேள்வி கேட்டவர் பெர்க்லியில் இருந்த எட்வர்ட் டோல்மன். (அரசியல் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தன் பல்கலைக்கழகத்தோடு மோதி, 1952-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வென்றவரும் இவரே. ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர்!) 1930-இல் அவரும் ஹான்சிக் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு எலிகளுக்கு முதல் நாளிலிருந்தே பாதை முடிவில் உணவு. இன்னொரு குழுவுக்குப் பத்து நாட்கள் ஒன்றுமே கிடையாது, பதினோராம் நாள்தான் உணவு வைத்தார்கள். பழக்கம்தான் எல்லாம் என்றால் இரண்டாம் குழு முதலிலிருந்து கற்க வேண்டும். ஆனால் அவை ஓரிரு நாட்களிலேயே முதல் குழுவை எட்டிப் பிடித்துவிட்டன. சும்மா சுற்றிய அந்தப் பத்து நாட்களில் எலிகள் தலைக்குள் ஒரு வரைபடத்தைத் தயாரித்து வைத்திருந்தன என்றார் டோல்மன். 1948-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'அறிதல் வரைபடம்' என்று பெயர் வைத்தார்.

அவர் கவனித்த இன்னொன்றுதான் நம் கதைக்கு முக்கியம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எலி நின்றுவிடும். இந்தப் பக்கம் தலையைத் திருப்பும், அந்தப் பக்கம் திருப்பும், பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். போகாமலே போய்ப் பார்க்கிறதோ? மற்றவர்கள் சிரித்தார்கள். எலியின் தலைக்குள் யார் போய்ப் பார்த்தது என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. பின்னால் வருகிறேன்.

கிரெய்க் சொன்ன மாதிரி உலகம்

இந்த வரலாற்றில் என் மனதில் நிற்பவர் கென்னத் கிரெய்க். ஸ்காட்லாந்துக்காரர், 1914-இல் பிறந்தவர். எடின்பரோவில் தத்துவம் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜுக்கு உளவியல் படிக்க வந்தார். கையால் கருவிகள் செய்வதில் ஆர்வம் உள்ளவர். 1943-இல் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். விளக்கம் என்றால் என்ன என்பதுதான் பொருள்.

கெல்வின் பிரபு 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கடல் ஓதத்தைக் கணிக்கும் இயந்திரத்தை அவர் உதாரணம் காட்டுகிறார். கப்பிகளும் கயிறும் கொண்ட ஒரு பொறி அது. பார்க்கக் கடல் போலவே இருக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கிடையாது. ஆனால் கைப்பிடியைச் சுற்றினால், நாளை எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நீர் ஏறும் என்று இன்றே சொல்லிவிடும். அலை வருவதற்கு முன் அலை வந்து போய்விடுகிறது!

மூளையும் இப்படி ஒரு பொறிதான் என்றார் கிரெய்க். வெளி உலகத்தின் சின்ன மாதிரி ஒன்றை ஓர் உயிர் தலைக்குள் சுமந்தால், ஒவ்வொரு செயலையும் அதில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். எது நல்லது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஆபத்து வந்த பிறகு துள்ளுவதற்குப் பதிலாக, வரும் முன்பே விலகிக்கொள்ளலாம். ஆற்றின் மேல் பாலம் கட்டி, ரயிலை ஓட்டி, இடிந்து விழுகிறதா என்று பார்ப்பதைவிட, மேசை மேல் ஒரு மாதிரிப் பாலத்தை உடைத்துப் பார்ப்பது மலிவல்லவா? அதே கணக்குதான்.

அவர் இதை எழுதியது போர்க்காலத்தில். விமானிகளின் களைப்பு, பீரங்கியைக் குறிவைப்பவரின் கைத்திறன் போன்றவற்றை ஆராய்வதுதான் அன்று அவருடைய வேலை. பறக்கும் விமானத்தைச் சுட வேண்டுமானால், அது இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் படாது. குண்டு போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும் என்று கணித்துச் சுட வேண்டும். எதிர்காலத்தைக் குறிவைக்கும் வேலை! 1944-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பயன்முறை உளவியல் ஆய்வுப் பிரிவுக்கு அவர்தான் முதல் இயக்குநர்.

1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாட்களில், கேம்பிரிட்ஜ் தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கிரெய்க் மீது கார் மோதியது. இறந்தபோது வயது 31. ஆறு ஆண்டுப் போரைத் தாண்டி வந்தவர். எவ்வளவு நல்ல ஒத்திகையும் எல்லாவற்றையும் முன்கூட்டிக் காட்டிவிடாது என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நாளை இல்லாத மனிதர்

கிரெய்க் சொன்னதற்கு அப்போது நேரடியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம் வந்தது ஒரு விபத்தின் வழியாக. 1981-இல் கனடாவில் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்டுப் பிழைத்தார். ஆய்வுகளில் அவரைக் கே.சி. என்பார்கள். பேச்சு, அறிவு எல்லாம் சரியாகவே இருந்தது. தன் குடும்பத்துக்கு ஒரு கோடைகால வீடு இருப்பது தெரியும், அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் அங்கே போய் இருந்த ஒரு நாளைக்கூட அவரால் நினைவுகூர முடியவில்லை.

அவரை ஆராய்ந்த எண்டல் டல்விங் ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" கே.சி.யிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தார், மனம் வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றைப் பற்றிக் கேட்டாலும் அதே வெறுமைதான். 1985-இல் டல்விங் இதை எழுதியபோது பலருக்கு ஆச்சரியம். நினைவு போனால் கடந்த காலம் போகும், சரி. எதிர்காலம் ஏன் போக வேண்டும்?

2007-இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினர் மக்வயரும் மற்றவர்களும் சேர்ந்து, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பழுதான ஐந்து பேரிடம், வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து வர்ணிக்கச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோரால் ஒரு முழுக் காட்சியைக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. நினைவும் கற்பனையும் ஒரே பட்டறையில் தயாராகின்றன என்று தெரிந்தது. பழைய நாட்களின் துண்டுகளை வைத்துத்தான் நாம் நாளையைத் தைக்கிறோம்.

இங்கே ஒரு சொந்த விஷயம் சொல்கிறேன். விடுதிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் ஆச்சி வாசல் வரை வந்து, "எய்யா, அடுத்து எப்ப வருவ?" என்று கேட்பாள். பொங்கலுக்கு என்றால், அதற்குள் என்னென்ன செய்து வைக்கலாம் என்று அப்போதே கணக்குப் போடுவாள். கடைசி இரண்டு வருடம் ஞாபகம் தப்பிப்போனது. கையைப் பிடித்துக்கொள்வாள், சிரிப்பாள், சாப்பிட்டியா என்பாள். ஆனால் எப்ப வருவ என்று மட்டும் கேட்கவே இல்லை. என்னை மறந்துவிட்டாளே என்று எனக்குள் ஒரு குறை இருந்தது. கே.சி.யைப் பற்றிப் படித்த இரவில்தான் உறைத்தது. ஆச்சிக்கு வந்தது வேறு நோய், கே.சி.யின் கதை வேறு, அது எனக்குத் தெரியும். ஆனாலும், அவள் மறந்தது என்னை அல்ல, பொங்கலை என்று தோன்றியது. நான் திரும்பி வரும் அந்த நாளைக் கட்டுவதற்கு அவளிடம் துண்டுகள் மிச்சம் இல்லை. இது அவள் இருந்தபோதே தெரிந்திருந்தால், அவள் கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

எலிக்கு வருவோம்

டோல்மனின் எலி என்ன ஆயிற்று? 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃபும் அவருடைய மாணவரும், எலியின் ஹிப்போகேம்பஸில் 'இட உயிரணுக்களை'க் கண்டறிந்தார்கள். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் ஒரு குறிப்பிட்ட உயிரணு துடிக்கும், வேறு இடத்துக்குப் போனால் வேறொன்று. வரைபடம் நிஜமாகவே இருந்தது! இதற்காக 2014-இல் ஓகீஃபுக்கும் மோசர் தம்பதியருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2007-இல் மினசோட்டாவில் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும், பாதை பிரியும் இடத்தில் எலி தயங்கும் அதே நொடியில் இந்த உயிரணுக்களைப் பதிவு செய்தார்கள். எலி நின்ற இடத்தில்தான் இருந்தது. ஆனால் முன்னால் இருக்கும் ஒரு பாதைக்கு உரிய உயிரணுக்கள் வரிசையாகத் துடித்தன, பிறகு மறு பாதைக்கு உரியவை. எலி போகாமலே போய்ப் பார்த்தது. டோல்மன் 1959-இலேயே இறந்துவிட்டார், பாவம். பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மீனுக்கு ஏன் திட்டம் தேவையில்லை?

இப்போது உயிர் பிழைக்கும் கணக்குக்கு வருவோம். மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. இவ்வளவு செலவுக்கு வரவு என்ன? தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னதன் சாரம் இது: மற்ற உயிர்கள் தவறு செய்தால் தாமே சாகின்றன, நாமோ நமக்குப் பதில் நம் கருதுகோள்களைச் சாக விடலாம். என் லாரிக் கதை போலத்தான்.

ஆனால் எல்லா உயிருக்கும் இது லாபமா? மால்கம் மெக்ஐவர் குழுவினர் 2017-இல் ஒரு சுவையான பதிலைத் தந்தார்கள். தண்ணீருக்குள் அதிக தூரம் பார்க்க முடியாது. எதிரி கண்ணில் படும்போது மிக அருகில் வந்துவிட்டிருக்கும். யோசிக்க நேரமில்லை, துள்ளத்தான் நேரம். காற்றில் கதை வேறு. தூரத்தில் இருப்பது தெரியும். தெரிந்தால் நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால்தான் திட்டத்துக்கு மதிப்பு. புதைபடிவங்களை அளந்து பார்த்தபோது, சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை விலங்குகள் முழுதாகக் கரையேறுவதற்கு முன்பே கண்குழிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகியிருந்தன. முதலை போல நீர்மட்டத்துக்கு மேல் கண்ணை வைத்துக் கரையைப் பார்த்திருக்கின்றன. தூரப் பார்வைதான் முன்யோசனைக்குக் கதவு திறந்தது என்பது அவர்கள் ஊகம். ஊகம்தான், ஆனால் என்ன அழகான ஊகம்!

முன்யோசனை மனிதனுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2007-இல் கேம்பிரிட்ஜில் நிக்கோலா கிளேட்டன் குழுவினர், காக்கை இனத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவைகளைச் சோதித்தார்கள். மறுநாள் காலையில் எந்த அறையில் பட்டினி கிடக்க நேருமோ, அந்த அறையில் அவை முந்தின மாலையே தீனியை ஒளித்துவைத்தன.

இதற்கு ஒரு வாடகையும் உண்டு. ஒத்திகையை நிறுத்தும் பொத்தான் நம்மிடம் இல்லை. பின்லாந்தின் ஆன்ட்டி ரெவொன்சுவோ, கனவுகள் ஆபத்தைச் சமாளிக்கும் பயிற்சி என்று 2000-இல் வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து அல்ல. ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு ஹால் டிக்கெட்டைத் தொலைத்ததாகக் கனவு கண்டவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரியும் :-)

அப்படியானால் இயந்திரம்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு முள் இடிக்கிறது. 2007-இல் கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்ன அதே ஹசாபிஸ், 2010-இல் மற்ற இருவரோடு சேர்ந்து டீப்மைண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான ஆல்ஃபாகோ, 2016-இல் 'கோ' விளையாட்டில் லீ சேடோலை 4-1 என்று வென்றது. ஒவ்வொரு காயை வைக்கும் முன்னும் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று ஆயிரக்கணக்கில் உள்ளுக்குள் ஆடிப் பார்த்தது அது. கிரெய்க் சொன்ன ஒத்திகையேதான்! ஆனால் தோற்றுவிடுவோமோ என்று அதற்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஒத்திகை பார்க்க உணர்வு தேவையில்லை என்றால், ஹக்ஸ்லியின் விசில் திரும்ப வந்துவிடுகிறதே? கே.சி.யும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறார். அவருக்கு ஒத்திகை போய்விட்டது, ஆனால் நனவு போகவில்லை. அந்த நொடியில் அவர் விழித்தே இருந்தார். ஆக 'நனவு என்பதே சிமுலேஷன்' என்று ஒரே போடாகப் போட முடியாது. நனவு நமக்குத் தரும் பெரிய வேலைகளில் ஒன்று சிமுலேஷன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் ஒரு வழி காட்டினார். மூளை கட்டும் உலக மாதிரி முழுமையாகிக்கொண்டே போய், அதற்குள் தன்னையே ஒரு பாத்திரமாகச் சேர்க்க வேண்டிய கட்டம் வரும்போது நனவு பிறக்கிறதோ என்றார். ஆல்ஃபாகோவின் பலகையில் ஆல்ஃபாகோ இல்லை. என் மனச்சாலையில் நான் இருந்தேன், லாரி ஏறினால் வலிக்கும் உடம்போடு இருந்தேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஜேம்ஸின் பழைய வாதமும் இங்கே வந்து உட்காருகிறது. வலிக்காத ஒத்திகையில் பின்வாங்க என்ன காரணம் இருக்கிறது? ஆனால் அந்த வலியை ஓர் எண்ணாகப் போட்டுக் கணக்குப் பண்ண முடியாதா என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. 150 ஆண்டுகளாக யாரிடமும் முழுப் பதில் இல்லை என்பதால் எனக்கு வெட்கமும் இல்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் ஊருக்குப் போனால், கிளம்பும்போது யாரும் கேட்காமலே அடுத்து எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இருக்கிறவர்களின் நாளையில் நானும் கொஞ்சம் இருந்துகொள்ளலாமே.

சாலையைப் பார்த்துக் கடங்கள். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள், ஹக்ஸ்லி கட்சியா, ஜேம்ஸ் கட்சியா?